வழிகாட்டித் தகவல்களின் செம்மை: சாத்தம் துறை கற்பிக்கும் பாடம்

ஒரு நகரத்துக்கு முதன்முறையாக வருபவர், அந்நகரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அதைப் பற்றிய தகவல்களின் வாயிலாக அதனை அறிந்துகொள்கிறார். எங்கே இறங்குவது, எந்தத் துறையில் படகு ஏறுவது, எந்த அலுவலகத்தில் அனுமதி பெறுவது, எந்த நாளில் அருங்காட்சியகம் மூடப்பட்டிருக்கும் என்பனவற்றை அவர் நம்பியே பயணத்தைத் திட்டமிடுகிறார். பெருநிலப்பரப்பில் உள்ள நகரங்களில் இத்தகவல்களுள் ஒன்று பிழையாக இருந்தாலும் இழப்பு பெரிதாவதில்லை. தவறவிட்ட பேருந்துக்குப் பதில் அடுத்த பேருந்து உண்டு. தீவுகளின் நிலை வேறு. அங்கே தவறவிட்ட ஒரு கப்பலுக்காகப் பல நாட்கள் காத்திருக்க நேரலாம். எனவேதான், நகர மையத்தைப் பற்றிய வழிகாட்டித் தகவல்களை எவ்வாறு செம்மையாகப் பேணுவது என்ற கேள்வியை ஆராய்வதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரமும், அதன் துறைமுகத்தில் அமைந்த சாத்தமும் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டுகளாகின்றன.

துறையும் கடைவீதியும்

சாத்தம் என்பது தலைநகரத் துறைமுகத்தினுள் உள்ள ஒரு சிறு தீவு. குறுகிய பாலம் ஒன்று அதனைத் தென் அந்தமானுடன் இணைக்கிறது. 1789 இல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அதிகாரி நிறுவிய முதற்குடியேற்றம் இங்குதான் தொடங்கியது. 1858 இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டபோதும் முதற்பணிகள் இங்கேயே மேற்கொள்ளப்பட்டன. குடிநீர்ப் பற்றாக்குறை காரணமாகத் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது. 1883 இல் வனத்துறையின் மர அறுவை ஆலை சாத்தத்தில் நிறுவப்பட்டது. ‘சாமில்’ என்று மக்கள் அழைக்கும் இவ்வாலையும், அதனையொட்டிய வன அருங்காட்சியகமும் இன்று சுற்றுலாப் பயணிகள் காணும் இடங்களாக உள்ளன.

பாலத்தைக் கடந்து நகரை நோக்கி வந்தால் முதலில் ஹாடோ. அடுத்துப் பீனிக்ஸ் விரிகுடா. அதனையும் கடந்தால் நகரின் மையமாகிய அபர்டீன் பஜார். மணிக்கூண்டு, கடைகள், தங்கும் விடுதிகள், பேருந்து நிலையம், செல்லுலர் சிறை, பெரிய அரசு மருத்துவமனை, கடற்கரைப் பூங்கா ஆகிய அனைத்தும் இம்மையத்தைச் சூழ்ந்தே உள்ளன.

இந்நகரில் ‘துறை’ என்பது ஓரிடத்தைக் குறிப்பதன்று. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்து வரும் பயணிகள் கப்பல்கள் ஹாடோவை அடைகின்றன. பிற தீவுகளுக்குச் செல்லும் அரசுக் கப்பல்கள் பெரும்பாலும் பீனிக்ஸ் விரிகுடாவிலிருந்து புறப்படுகின்றன. எதிர்க்கரையிலுள்ள பம்பூ பிளாட்டுக்கு வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகு சாத்தத்திலிருந்து செல்கிறது. அருகிலுள்ள சிறு தீவுகளைக் காணச் செல்வோர் அபர்டீன் ஜெட்டியில் ஏறுகின்றனர். ‘துறைமுகத்திலிருந்து படகு புறப்படும்’ என்று ஒரு வழிகாட்டி நூல் எழுதுமானால், அதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அதனை நம்பிய பயணிக்குப் பயனும் இல்லை. தகவல் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, செயலுக்கு உதவும் அளவுக்குத் துல்லியமாகவும் இருத்தல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற்பாடமாகும்.

இத்தகைய தகவல் வெளியூராருக்கு மட்டும் உரியதன்று. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். பிற தீவுகளிலிருந்து மருத்துவத்துக்காகவும் அலுவலகப் பணிகளுக்காகவும் தலைநகருக்கு வரும் குடும்பங்களும் இதே கப்பல் நேரங்களையும் இதே அலுவலக நேரங்களையும் நம்பியே வருகின்றன.

பெயர்கள் தரும் சிக்கல்

வழிகாட்டித் தகவல்களில் மிக எளிதாகத் தோன்றி, மிகுந்த குழப்பத்தை விளைவிப்பது இடப்பெயராகும். இக்குழப்பம் சாத்தத்துக்குப் புதியதன்று. பிளேர் 1789 இல் நிறுவிய குடியேற்றத்துக்குப் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயரிடப்பட்டது. 1792 இல் அக்குடியேற்றம் வட அந்தமானுக்கு மாற்றப்பட்டபோது அப்பெயரும் உடன் சென்றது. 1796 இல் அப்புதிய குடியேற்றமும் கைவிடப்பட்டது. பழைய துறைக்குப் பிற்காலத்தில் போர்ட் பிளேர் என்னும் பெயர் நிலைத்தது. எனவே பழைய ஆவணம் ஒன்றில் போர்ட் கார்ன்வாலிஸ் என்று காணும் மாணவர், அவ்வாவணத்தின் ஆண்டைப் பார்த்த பின்னரே அது எவ்விடம் என்று கூற முடியும். ஆண்டு குறிப்பிடப்படாத இடப்பெயர் பாதித் தகவலே ஆகும்.

அண்மைக் காலத்திலும் பெயர்கள் பல மாறியுள்ளன. 2018 டிசம்பர் 30 அன்று ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும், ஹேவ்லாக் சுவராஜ் தீவு என்றும், நீல் ஷாஹீத் தீவு என்றும் பெயர் மாற்றம் பெற்றன. 2021 இல் ஹேரியட் மலை மணிப்பூர் மலையாயிற்று. 2024 செப்டம்பரில் தலைநகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று அறிவிக்கப்பட்டது. பழைய பெயர்கள் மக்கள் நாவிலும், பழைய பலகைகளிலும், அச்சிட்ட நூல்களிலும் உடனே மறைந்துவிடுவதில்லை. புதிய பெயரை மட்டும் அச்சிடும் நூல், பழைய பெயரைச் சொல்லி வழி கேட்கும் பயணியைக் கைவிடுகிறது. பழைய பெயரை மட்டும் அச்சிடும் நூல், புதிய பெயர் பொறித்த பயணச்சீட்டைக் கையில் வைத்திருப்பவரைக் கைவிடுகிறது. இன்னுமொரு நுட்பமும் உண்டு. வட அந்தமானில் திக்லிப்பூருக்கு அருகில் ஸ்மித் தீவுடன் மணல்திட்டால் இணைந்த வேறொரு ராஸ் தீவு உள்ளது. பெயர் மாறியது தலைநகருக்கு எதிரேயுள்ள தீவுக்கே. ‘ராஸ் தீவு’ என்று வரும் இடமெல்லாம் புதிய பெயரை இட்டு நிரப்பும் பதிப்பாசிரியர், ஒரு பிழையைத் திருத்த முயன்று மற்றொரு பிழையை உண்டாக்கிவிடுவார்.

எண்களும் ஆண்டுகளும்

சாத்தம் ஆலை நிறுவப்பட்ட ஆண்டு 1883. எனினும் சில வழிகாட்டிக் குறிப்புகளில் அது 1836 என்று காணப்படுகிறது. இப்பிழையைக் கண்டறிய ஒருவர் தீவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 1796 இல் குடியேற்றம் கைவிடப்பட்டது. 1858 வரை அங்கே ஆங்கிலேயரின் நிர்வாகம் இருக்கவில்லை. ஆகவே 1836 இல் அரசாங்க ஆலை ஒன்று அங்கு இயங்கியிருக்க இயலாது. ஒரு தகவலை அதன் அண்டைத் தகவல்களோடு ஒப்பிட்டு நோக்குவதே மிகக் குறைந்த செலவிலான சரிபார்ப்பு முறையாகும்.

எல்லாப் பிழைகளும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. 1896 க்கும் 1906 க்கும் இடையில் கட்டப்பட்ட செல்லுலர் சிறையின் அறைகள் 693 என்று சில நூல்களும், 698 என்று வேறு சில நூல்களும் கூறுகின்றன. ஏழு சிறகுகளில் மூன்றே இன்று எஞ்சியிருப்பதால், நேரில் எண்ணி இவ்வேறுபாட்டைத் தீர்க்கவும் வழியில்லை. இத்தகைய இடங்களில், பலர் எழுதியிருக்கிறார்கள் என்பதனால் ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்வது தவறான முறையாகும். ஒருவரிடமிருந்து மற்றவர் படியெடுத்த பத்து நூல்கள் பத்துச் சான்றுகளாகிவிடமாட்டா. அவை ஒரே சான்றின் பத்துப் பிரதிகளே. எந்த ஆவணத்தின் அடிப்படையில் எண் தரப்பட்டது என்று குறிப்பிடுவதே நேர்மையான வழி.

‘ஆசியாவிலேயே பெரியது’ என்பது போன்ற சிறப்புரைகளுக்கும் இவ்விதி பொருந்தும். சாத்தம் ஆலைக்கு இப்பெருமை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. ஆயின் 2002 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் தீவுகளில் மரம் வெட்டுதல் உள்ளூர்த் தேவைகளை ஒட்டிப் பெரிதும் குறைக்கப்பட்டது. ஆலைக்கு வரும் மரத்தின் அளவு மாறிய பிறகும், பழைய காலத்துச் சிறப்புரையை ஆண்டு குறிப்பிடாமல் அச்சிடுவது வாசகருக்குத் தவறான தோற்றத்தையே தரும்.

பாதித் தகவலின் தீங்கு

பிழையான தகவலைவிடப் பாதித் தகவல் சில வேளைகளில் அதிகத் தீங்கு பயக்கும். 2018 ஆம் ஆண்டில் மத்திய அரசு, வெளிநாட்டினருக்கான தடைசெய்யப்பட்ட பகுதி அனுமதி முறையிலிருந்து இத்தீவுகள் பலவற்றுக்குக் காலவரையறையுடன் விலக்கு அளித்தது. அப்பட்டியலில் வட சென்டினல் தீவும் இடம்பெற்றிருந்தது. ஆனால் 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அத்தீவுக்கு முன்போலவே செயலில் இருந்தது. அங்குச் செல்லத் தடையும் நீடித்தது. அவ்வாண்டு நவம்பரில் சட்டத்தை மீறி அங்குச் சென்ற அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்தார். அந்நிகழ்ச்சிக்குப் பட்டியலே காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும், ஒரு சட்டத்தின் விலக்கைக் கூறிவிட்டு, மற்றொரு சட்டத்தின் தடையைக் கூறாமல் விடும் வழிகாட்டிக் குறிப்பு எத்தகைய ஆபத்துக்கு இடமளிக்கும் என்பதனை அது தெளிவாக்கியது. இங்கே காக்கப்பட வேண்டியது பயணியின் உயிர் மட்டுமன்று. வெளியாரின் நோய்களைத் தாங்கும் ஆற்றலற்ற ஒரு சிறு மக்கட்குழுவின் உயிரும் ஆகும்.

தகவலின் ஆயுள்

தகவல்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் பழமையடைவதில்லை. அவற்றை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிலையான தகவல். இத்தீவுகள் இந்தியத் திட்ட நேரத்தின் அடிப்படைத் தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ 10 பாகை கிழக்கே அமைந்துள்ளன. ஆகவே கடிகாரப்படி இங்குச் சூரியன் 40 நிமிடங்கள் முந்தி மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே இருள் சூழத் தொடங்கும். இதனை ஒருமுறை சரியாக எழுதினால் போதும்.

இரண்டாவது, மெல்ல மாறும் தகவல். கட்டடங்கள், சாலைகள், பாலங்கள் இவ்வகையின. விமான நிலையத்தின் புதிய முனையம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது போன்ற மாற்றங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கின்றன.

மூன்றாவது, ஆண்டுதோறும் மாறக்கூடியவை. நுழைவுக் கட்டணம், விடுமுறை நாள், அலுவலக முகவரி, அனுமதி விதி ஆகியன இதில் அடங்கும்.

நான்காவது, நாள்தோறும் மாறக்கூடியவை. கப்பல் புறப்படும் நேரம், கடல் நிலை காரணமாக ரத்தாகும் படகுகள், இருக்கை நிலவரம் ஆகியன இவை. இவற்றை நூலில் அச்சிடுவதே தவறு; எங்கு விசாரித்து அறியலாம் என்பதனை மட்டுமே அச்சிட வேண்டும்.

இவ்வகைப்பாட்டின் பயனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வழிகாட்டியில் 100 தகவல்கள் உள்ளன என்றும், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு மாறுகிறது என்றும் கொள்வோம். திருத்தம் எதுவும் செய்யாவிடில் முதலாண்டின் முடிவில் 80 தகவல்களும், இரண்டாம் ஆண்டில் 64 தகவல்களும், மூன்றாம் ஆண்டில் 51 தகவல்களுமே சரியாக இருக்கும். ஒரு பயணி ஒரு நாளில் ஐந்து தகவல்களை நம்பிச் செயற்படுகிறார் என்றால், ஓராண்டு பழமையான நூலில் அவ்வைந்தும் சரியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவேயாகும். நூல் ‘பெரும்பாலும் சரி’ என்று பதிப்பாளர் கருதும்போதே, மூவரில் இருவருக்கு ஏதேனும் ஓர் இடர்ப்பாடு நேர்ந்துகொண்டிருக்கும்.

செலவு யாருடையது?

தகவலைத் தேடுவதற்கும் செலவு உண்டு என்பதனைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961 இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். வழிகாட்டி நூல் என்பது அந்தத் தேடுதல் செலவைப் பலருக்காக ஒருவரே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு எனலாம். ஆயின் இதில் ஒரு குறைபாடு உள்ளது. வாங்குபவர் பயணம் செய்த பின்னரே தகவலின் தரத்தை அறிகிறார். அதற்குள் விலை கொடுத்தாகிவிட்டது. பிழையின் செலவைப் பதிப்பாளர் ஏற்பதில்லை. கப்பலைத் தவறவிட்ட பயணியும், மூடிய கதவு வரை வந்து திரும்பியவரின் கோபத்துக்கு ஆளாகும் ஆட்டோ ஓட்டுநரும், பழைய கட்டணத்தைக் காட்டி வாதிடுபவருக்குப் பதில் கூறும் சிறு விடுதிக்காரரும், கூட்டத்தைச் சமாளிக்கும் கடைநிலை ஊழியருமே அதனை ஏற்கின்றனர். செலவை ஏற்பவர் வேறு, பிழையைத் திருத்தும் ஆற்றல் உள்ளவர் வேறு என்ற நிலையில், சந்தை தானாகவே செம்மையை உண்டாக்கிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பொது நிர்வாகத்தின் கடமை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

2020 ஆகஸ்டில் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலடிக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதுமுதல் தகவல் தொடர்பு பெரிதும் விரைவடைந்துள்ளது. எனினும் கைப்பேசியில் விரைந்து வருவதனால் மட்டும் தகவல் செம்மையாகிவிடாது; பழைய நேரப்பட்டியலும் புதிய நேரப்பட்டியலும் ஒரே வேகத்தில்தான் வருகின்றன.

கடலோடிகள் வகுத்த முறை

இச்சிக்கலுக்குத் தீர்வு சாத்தத்தின் துறைமுகத்திலேயே நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. கடல் வரைபடத்தில் ஒரு மிதவையின் இடம் பிழைபடுமானால் கப்பல் தரைதட்டும். ஆகையால் கடலோடிகள் வரைபடத்தை அச்சிட்டவுடன் முடிந்துவிட்ட பொருளாகக் கருதுவதில்லை. டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பளவை அலுவலகம் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கடலோடிகளுக்கான அறிவிப்புகளை வெளியிடுகிறது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் உண்டு. எந்த வரைபடம் திருத்தப்பட வேண்டும், அதற்கு முந்தைய திருத்தம் எது என்பனவும் குறிக்கப்படும். தற்காலிக மாற்றங்கள் தனி அடையாளத்துடன் வெளியாகின்றன. கப்பல் அதிகாரி தம் வரைபடத்தில் செந்நீல மையால் திருத்தம் செய்து, அறிவிப்பின் எண்ணை வரைபடத்தின் கீழ் ஓரத்தில் எழுதி வைக்கிறார். அவ்வோரத்தைப் பார்க்கும் எவரும் அவ்வரைபடம் எந்நாள் வரை திருத்தப்பட்டது என்பதனை உடனே அறிந்துகொள்ளலாம்.

இம்முறையின் மதிப்பை 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் உணர்த்தின. தலைநகரைச் சூழ்ந்த நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானில் சில கரைகள் உயர்ந்தன. நிலையானவை என்று கருதப்பட்ட கரைகளும் ஆழங்களுமே மாறிவிட்டன. மாற்றத்தைப் பதிவு செய்யும் ஒழுங்கு முன்னரே இருந்தமையால், மறு அளவையின் முடிவுகளைக் கப்பல்களுக்கு அறிவிக்கப் புதியதொரு வழியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

வழிகாட்டி நூல்களின் வரலாற்றிலும் இவ்வுணர்வு இல்லாமற் போகவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் லண்டனின் முர்ரே, ஜெர்மனியின் பெடெக்கர் ஆகிய பதிப்பகங்கள் பிழைகளை எழுதியனுப்புமாறு வாசகர்களைக் கேட்டுக்கொண்டு, பதிப்புதோறும் திருத்தி வந்தன. ஆயின் அடுத்த பதிப்பு வரும்வரை பழைய நூலை வைத்திருப்பவருக்குத் திருத்தம் சென்றடைய வழியில்லாதிருந்தது. கடலோடிகளின் முறை அக்குறையையே நீக்குகிறது.

நகர மையத்துக்கு ஏற்ற நடைமுறை

இம்முறையை அபர்டீன் பஜாரும் சாத்தமும் அடங்கிய நகரப் பகுதிக்குப் பொருத்துவதற்குப் பெரும் பொருட்செலவு தேவைப்படாது. ஐந்து செயல்கள் போதுமானவை.

1. தகவல் பதிவேடு ஒன்று அமைத்தல். ஒவ்வொரு தகவலும் தனி வரியாக, அது நால்வகையுள் எவ்வகையைச் சேர்ந்தது என்ற குறிப்புடன் இடம்பெற வேண்டும்.

2. ஒவ்வொரு தகவலுக்கும் பொறுப்பாளரைக் குறித்தல். ஆலைக்கும் வன அருங்காட்சியகத்துக்கும் வனத்துறை, கப்பல் நேரத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் துறை, தெருப்பெயர்களுக்கு நகராட்சி எனப் பிரித்தால், நேரத்தை மாற்றும் அலுவலகமே மாற்றத்தை அறிவிக்கும் கடமையையும் ஏற்கும்.

3. சரிபார்த்த நாளை அச்சிடுதல். நூல் வெளியான ஆண்டு மட்டும் போதாது. ஒவ்வொரு பகுதியும் நேரில் சரிபார்க்கப்பட்ட மாதமும் ஆண்டும் அதன் கீழே இருத்தல் வேண்டும். தேதியிட்ட பழைய தகவல் வாசகரை எச்சரிக்கிறது. தேதியற்ற பழைய தகவல் அவரை ஏமாற்றுகிறது.

4. நடந்து சரிபார்த்தல். சுற்றுலாப் பருவம் தொடங்குமுன், பொறுப்பான ஊழியர் ஒருவர் சாத்தம் பாலத்திலிருந்து மணிக்கூண்டு வரை வழிகாட்டியைக் கையில் ஏந்தி, அந்நகரை அறியாதவரைப் போல் நடந்து பார்க்க வேண்டும். மேசையில் அமர்ந்து செய்யும் திருத்தம் பெயர்களையும் ஆண்டுகளையும் சரிசெய்யும். மூடிய வாயிலையும் இடம் மாறிய சீட்டு வழங்குமிடத்தையும் கண்டறிய நடந்தே ஆக வேண்டும்.

5. எண்ணிட்ட திருத்த அறிவிப்பு. மாதம் ஒருமுறை ஒரு பக்க அறிவிப்பு, வரிசை எண்ணுடன், துறைகளிலும் விமான நிலையத்திலும் விடுதிகளிலும் ஒட்டப்படலாம். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகள் பேசுவோர் மிகுந்துள்ள இந்நகரில் அது அம்மொழிகளில் வெளியாவது பயனைப் பெருக்கும்.

இவற்றுள் எதனைச் செய்தாலும், பழைய தகவலை அழித்துவிடுதல் கூடாது. எந்நாள் வரை எது நடைமுறையில் இருந்தது என்ற குறிப்புடன் அது பதிவேட்டில் தங்க வேண்டும். போர்ட் கார்ன்வாலிஸ் எங்கே என்று இன்று தெளிவாகக் கூற முடிவது, 1789 இலும் 1792 இலும் யாரோ ஆண்டைக் குறித்து வைத்ததனால்தான்.

முடிவாக

சாலை பழுதுபட்டால் அதனைச் செப்பனிடுவதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் பராமரிப்புத் தொகை ஒதுக்கப்படுகிறது. சாலையைப் பற்றிய தகவல் பழுதுபட்டால் அதனைச் செப்பனிடுவதற்கு அவ்வாறு தொகை ஒதுக்கும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. நூல் ஒன்றை வெளியிடுவது மூலதனச் செலவைப் போன்றது. அதனைச் செம்மையாக வைத்திருப்பது பராமரிப்புச் செலவைப் போன்றது. முன்னதற்குப் பணமும் விழாவும் இருந்து, பின்னதற்கு ஓர் ஊழியரின் அரைநாள் பணிகூட ஒதுக்கப்படாவிடில், முதலீடு சில ஆண்டுகளில் வீணாகிவிடும். வருகின்ற கப்பலின் மாலுமி தம் வரைபடம் எந்நாள் வரை திருத்தப்பட்டது என்பதனை அறிந்த பின்னரே துறைமுகத்தினுள் நுழைகிறார். அக்கப்பலிலிருந்து ஹாடோவில் இறங்கும் பயணிக்கும், ஊர் திரும்பும் தீவுக் குடும்பத்துக்கும் அதே உறுதி கிடைக்குமாறு செய்வது, நிர்வாகத்தின் சக்திக்கு உட்பட்ட, காலங்கடத்தக் கூடாத பணியாகும்.